சுருட்டுப் பிரியர்களுக்கு ஒரு கேள்வித்தாள்

துபாயில் ஒரு ஹோட்டலின் சிகார் லவுஞ்சில் வேலை பார்க்கிறேன். விருந்தினரின் ருசிக்கேற்ற சுருட்டை எடுத்துக் கொடுப்பது, முனை வெட்டிப் பற்றவைத்துத் தருவது, ஈரப்பதம் காக்கும் அறையில் பெட்டிகளைக் கவனிப்பது, இப்படித்தான் நாள் போகும். இதோடு இன்னொரு பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. நிரந்தர வாடிக்கையாளர்களுக்காக அவ்வப்போது மாலையில் ஒரு வினாடி வினா வைக்கிறோம். கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் நான்தான். பாதி சுருட்டின் வரலாறு, மீதி புகையிலைச் சாகுபடி.

ஹவானாவில் வருடாவருடம் நடக்கும் ஹபானோஸ் திருவிழாவில் எங்களைப் போல் சுருட்டு பரிமாறுகிறவர்களுக்கென்றே ஒரு போட்டி உண்டு. அங்கே பணியாளைக் கேள்வி கேட்பார்கள். எங்கள் லவுஞ்சில் பணியாள் கேட்பான், விருந்தினர் பதில் சொல்வார். இந்த இடமாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வரலாற்றில் அவர்களை மடக்குவது கஷ்டம். 1962 பிப்ரவரியில் கென்னடி கியூபாவுடனான வர்த்தகத்துக்குத் தடை விதிக்கும் ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி சுருட்டு வாங்கி வைத்துக்கொண்ட கதையைச் சாலிஞ்சரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1,200 சுருட்டு என்ற கணக்குவரை இவர்களுக்கு மனப்பாடம். 1492 நவம்பரில் கொலம்பஸின் ஆட்கள் இருவர் கியூபாவில் டைனோ என்ற பூர்வகுடி மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டதும் தெரியும். கோஹிபா என்ற கியூபச் சுருட்டு பிராண்ட் 1966இல் தொடங்கியது என்பதும் தெரியும். சுருட்டில் ஒட்டும் காகித வளையம் ரஷ்யப் பேரரசி கேத்தரினின் விரலில் கறை படாமலிருக்க வந்தது என்று சிலர் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் கிடையாது. அதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

அவர்கள் தடுமாறுவது, பெயருக்கும் வருடத்துக்கும் பின்னால் இருக்கிற ஆட்களைப் பற்றிக் கேட்கும்போதுதான். மான்டெகிறிஸ்டோ என்ற சுருட்டு பிராண்டின் பெயர் எங்கிருந்து வந்தது என்றால் டூமாவின் நாவலிலிருந்து என்று உடனே பதில் வரும். ஒரு பிரெஞ்சு நாவல் கியூபச் சுருட்டுப் பெட்டிமேல் எப்படி ஏறியது என்று அடுத்த கேள்வியைப் போட்டால், பேனாக்கள் நின்றுவிடும்.

சுருட்டுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை. கைக்கு ஓய்வில்லை, காது மட்டும் சும்மா இருக்கும். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில், தொழிலாளர்களுக்கு உரக்க வாசித்துக் காட்ட ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். அவருக்குச் சம்பளம் முதலாளி தரவில்லை. சுருட்டுபவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்த நாவலை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். டூமா அப்படித்தான் அந்த மேஜைகளுக்கு வந்து சேர்ந்தார். செய்தித்தாளும் அரசியலும் வாசிக்கப்பட்டதால் அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசுக்குப் பயம் வந்தது. அடுத்த ஆண்டே தடை. ஆனாலும் வழக்கம் சாகவில்லை. புலம்பெயர்ந்த தொழிலாளர்களோடு கடல் தாண்டி புளோரிடாவின் கீ வெஸ்டுக்கும் டாம்பாவுக்கும் போனது. 1891இல் ஹொசே மார்த்தி டாம்பாவுக்குப் போய் கியூப விடுதலைக்கு ஆதரவு கேட்டது இந்தச் சுருட்டுத் தொழிலாளர்களிடம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட உலக விவகாரம் தெரிந்தவராக அங்கே இருந்தார். 1931இல் டாம்பா முதலாளிகள் வாசிப்பவர்களை நிறுத்திவிட்டு வானொலிப் பெட்டியை வைத்தார்கள். கியூபாவில் மட்டும் வாசிப்பு இன்றைக்கும் நடக்கிறது.

ஒருமுறை எங்கள் லவுஞ்சுக்குச் சுருட்டிக் காட்ட ஒரு கியூபப் பெண்மணியை அழைத்து வந்திருந்தார்கள். இந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் சொல்லிக் கேட்டதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் செய்தித்தாள், அப்புறம் நாவல் என்று அவரே விருந்தினர்களுக்கு விளக்கினார். வாசிப்பு நன்றாக இருந்தால் கத்தியின் தட்டைப் பக்கத்தால் பலகையைத் தட்டிப் பாராட்டுவார்களாம். தட்டியும் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் தாளிலிருந்து நீக்கியதே இல்லை.

சாகுபடிப் பகுதிக்கு வந்தால் நிலவரம் வேறு. எனக்குச் சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர். விதையைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பொடிசு என்று தெரியும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். நேரே வயலில் விதைக்க முடியாது, நாற்றங்காலில் வளர்த்துத்தான் பிடுங்கி நடவேண்டும். கியூபாவில் பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோ வயல்களிலும் இதேதான். செடி வளர்ந்து மொட்டு விடும்போது நுனியைக் கிள்ளிவிடுவார்கள். ஏன்? பூவுக்கும் விதைக்கும் போகிற சத்து இலைக்குத் திரும்புவதற்கு. கிள்ளியதும் இலைக்கணுவில் பக்கக் கிளைகள் முளைக்கும், அவற்றையும் ஒடிக்க வேண்டும். எங்கள் ஊரில் சிறுவர்கள் சொல்லிவிடும் பதில். விலை உயர்ந்த சுருட்டு பிடிப்பவர்களில் பலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுப்பார்கள்.

ஒரே செடியில் எந்த இலை அதிகக் காரம் என்ற கேள்விக்கு ஒருவர், பார்த்தால் பெரிய வியாபாரி, இருபது வருடமாகச் சுருட்டு பிடிப்பவர், அடி இலை என்று எழுதியிருந்தார். வயசான இலை, அதனால் காரம் என்பது அவர் வாதம். விடவில்லை. மேல் இலை, அதாவது சுருட்டின் வெளியே சுற்றிய இலை, வெடித்து விற்க முடியாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சுருட்டை எடுத்து வந்தேன். பிளேடால் நீளவாக்கில் கீறி, மேல் இலையை உரித்து, அடுத்துக் கட்டியிருந்த இலையையும் பிரித்து, உள்ளே மடிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக வெள்ளை நாப்கினில் பரப்பினேன். நடுவிலிருந்து வந்தது தடித்த, கருத்த இலை. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. அதுதான் செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்த லிஹேரோ. காரம் அதில், ஆனால் மெதுவாகத்தான் எரியும். அதனால்தான் நட்ட நடுவில் வைக்கிறார்கள். நடு இலையான செகோ மணம் தருவது. அடி இலை வோலாடோ மெல்லியது, சீக்கிரம் பற்றும், எரியும் வேலை அதனுடையது. அவர் மூன்றையும் தனித்தனியே முகர்ந்து பார்த்தார். தன் விடையைத் தானே அடித்துவிட்டு, இலைகளின் பெயரை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

கருப்பாக இருந்தால் காரம் என்பது இன்னொரு பிடிவாதம். மேல் இலையின் கருநிறம் பெரும்பாலும் அதிக நாள் புளிக்கவைத்ததால் வருவது. காரத்துக்கு அது சாட்சி இல்லை.

இலை உலர்த்தும் கொட்டகை எந்தத் திசையில் நீண்டிருக்கும் என்றும் கேட்பேன். கியூபாவில் கிழக்கு மேற்காகக் கட்டுவார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முனைகளில் மட்டும் படும். உள்ளே சூடு ஒரே சீராக இருக்கும். இதைச் சரியாக எழுதியவர் ஒரு கட்டடக் கலைஞர். புகையிலை வயலையே பார்த்ததில்லையாம், வெயிலை வைத்து யோசித்திருக்கிறார். எனக்கு அந்த மாதிரி விடைதான் வேண்டும். தாளில் காரணத்துக்குத்தான் அதிக மதிப்பெண்.

அமெரிக்கர்கள் வந்தால் கனெக்டிகட்டைப் பற்றி ஒரு கேள்வி நிச்சயம். சுமத்ரா இலைக்கு ஈடு கொடுக்க, 1900வாக்கில் அங்கே வயலுக்கு மேல் துணிப்பந்தல் போட்டு வளர்க்க ஆரம்பித்தார்கள். துணி வெயிலை வடிகட்டும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். இலை மெல்லிசாக, நரம்பு தெரியாமல் விரியும். அந்த வயல்களில் 1944 கோடையில் வேலை செய்த, கல்லூரியில் சேரவிருந்த ஒரு மாணவரின் பெயர் என்ன? மார்ட்டின் லூதர் கிங். தெற்கில் வளர்ந்த அவர், ஹார்ட்ஃபோர்டில் வெள்ளையர் சாப்பிடும் உணவகத்திலேயே உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்று வியந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். இதைத் தெரிந்துகொண்ட ஒரு விருந்தினர் அன்றைக்குப் போட்டியையே மறந்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்விக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. பனியில் நனைந்த பச்சைப் புகையிலையைப் பறிக்கிறவருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது எதனால்? இலையின் நிகோடின் ஈரத்தில் கரைந்து தோல் வழியே உடம்பில் ஏறுகிறது. புகைக்காதவருக்கும் வரும், பறிக்கிற சிறுவனுக்கும் வரும். விருந்தினர் சந்தோஷமாக இருக்க வந்த இடத்தில் இது எதற்கு என்று மேலாளர் எடுக்கச் சொன்னார். சாகுபடி பற்றிக் கேட்டுவிட்டு சாகுபடி செய்கிறவனின் உடம்பைப் பற்றிக் கேட்காமல் எப்படி விடுவது என்று கேட்டேன். சரி, இருக்கட்டும் என்றார். புகையை உள்ளே இழுக்காததால் சுருட்டில் ஆபத்தில்லை, சரியா தவறா என்ற கேள்வியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. தவறு. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையை இழுக்கத் தேவையில்லை. இதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு, எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்த தாளுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். வரலாறு எது, சாகுபடி எது என்று அதில் பிரிக்க முடியாது. 1979-80இல் நீலப் பூசண நோய் கியூபாவின் புகையிலையைப் பெருமளவு அழித்தது; இலையில்லாமல் தொழிற்சாலைகளை மூடவேண்டி வந்தது. மேல் இலைக்குப் பேர்போன கொரோஹோ ரகம் அந்த நோயைத் தாங்காது. அதனால் பின்னாளில் ஹபானா 2000 போன்ற கலப்பு ரகங்களைக் கொண்டுவந்தார்கள். பழைய சுருட்டின் ருசியே வேறு என்று எங்கள் விருந்தினர்கள் அடிக்கடி சொல்வார்கள். அப்படிச் சொல்பவர், எந்த ரகம் போய் எந்த ரகம் வந்தது, ஏன் வந்தது என்று நாலு வரி எழுதவேண்டும். பத்து மதிப்பெண்.