லெய்ன்ஸ்டரின் சீமாட்டி இசபெல்

அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் பிரபுத்துவம் என்றவுடன் எல்லோரும் ஆங்கில மாவீரர் வில்லியம் மார்ஷலின் வீரத்தையே பேசுகிறார்கள். ஆனால் அந்நிலம், 1189-இல் அவர் மணந்த இசபெல் டி கிளேரின் சொத்து. நார்மன் தளபதி ஸ்ட்ராங்போவுக்கும் லெய்ன்ஸ்டர் இளவரசி ஈஃபாவுக்கும் பிறந்த மகள் இசபெல். 1207-இல் மன்னர் ஜானின் அழைப்பை ஏற்று இங்கிலாந்துக்குக் கிளம்பிய மார்ஷல், கருவுற்றிருந்த மனைவியைப் பிரபுக்கள் முன் நிறுத்தி, இவரே உங்கள் பிறப்புரிமைத் தலைவி, இவர் வழியாகவே எனக்கு இந்நிலம் வந்தது என்று சொல்லி, அவரைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். கணவர் இல்லாத வேளையில் எதிரிகள் லெய்ன்ஸ்டரைத் தாக்கியபோது, அங்கேயே தங்கியிருந்தவர் இசபெல்தான். கணவரின் புகழில் அவருடைய துணிவு மறைந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. ஐந்து மகன்களும் ஐந்து மகள்களும் பெற்ற அவர் 1220-இல் மறைந்தார். மகன்கள் ஒவ்வொருவராக வாரிசின்றி இறக்க, லெய்ன்ஸ்டர் இறுதியில் மகள்களின் வழியினருக்கே பங்கிடப்பட்டது.