கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

ஜூலை 6, ஞாயிறு

தண்டையார்பேட்டை வீட்டில் கீழ் அறைதான் என் மரவேலைப் பட்டறை. ஒரே ஜன்னல், அதுவும் சந்துப் பக்கம் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா அங்கேதான் துணி காயப்போடுகிறார். விசிறி வைத்துத் தூளை வெளியே தள்ளும் பேச்சுக்கே இடமில்லை. தூசு உறிஞ்சும் மெஷின் இழுக்கும் காற்று திரும்ப இதே அறைக்குள்தான் வரும். அதனால் மெஷினில் தூளை வடிகட்டும் பை எதைப் பிடிக்காமல் விடுகிறதோ, அது என் மூச்சில்தான் சேரும்.

மெஷினோடு வந்தது 30 மைக்ரான் துணிப்பை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சீவலையும் ரம்பத்தூளையும் நன்றாகவே பிடிக்கிறது. சாயங்காலம் எம்டிஎஃப் பலகைக்கு (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) உப்புத்தாள் போட்டேன். மெஷின் ஓடும்போதே விளக்கை அணைத்துப் பையின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், துணி முழுக்கப் புகை போலக் கசிகிறது! அரை மணி கழித்தும் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருந்தது.

ஜூலை 9, புதன்

தலைமுடியின் பருமன் சுமாராக 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் தனித்தனித் துகளாகக் கண்ணுக்குத் தெரியாது, 2.5-க்குக் கீழே உள்ளது நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. மூக்கையும் அதைச் சுற்றிய சைனஸ் அறைகளையும் தாக்குவது. எனக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுத்தந்த பெரம்பூர் ஆசாரி, தேக்கு இழைக்கும்போது துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வார். அந்தத் துண்டு இந்த நுண்தூளை எங்கே தடுத்திருக்கும்?

ஜூலை 12, சனி

பாரிமுனைக்குப் போனேன். "1 மைக்ரான் பை இருக்குண்ணே, தூசியே தெரியாது" என்றார் கடைக்காரத் தம்பி. எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று கேட்டேன். அட்டையில் அது இல்லை. வெறும் மைக்ரான் எண்ணை நம்பி வாங்கக்கூடாது. நுண்தூசி ஃபில்டருக்கான ஹெப்பா தரம் என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் நிற்க வேண்டும். அப்படி இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் கணக்கு.

அடுத்தது பரப்பு. பழைய பையின் அளவிலேயே நெருக்கமான துணியைப் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு இழுவை குறையும்; தூள் ரம்பத்தடியிலேயே தங்கிவிடும். மடிப்பு மடிப்பாக உள்ள உருளை ஃபில்டரில், அதே இடத்துக்குள் பல மடங்கு பரப்பு கிடைக்கிறது. அதில் காகிதமும் உண்டு, பாலியஸ்டரும் உண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் காகிதம் ஈரம் குடிக்கும், தூள் அப்பிக்கொள்ளும். விலை கூடினாலும் பாலியஸ்டர்தான் என்று முடிவு செய்தேன். சதவீதம் அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாட்டியாச்சு. விளிம்பைச் சுற்றி நுரை டேப் ஒட்டினேன். அங்கே இடுக்கு இருந்தால் காற்று ஃபில்டரைத் தொடாமலே வெளியேறும். மெஷினுக்கு முன்னால் ஒரு சைக்ளோன் டிரம் வைக்க வேண்டும். கனமான தூள் சுழன்று அதில் விழுந்துவிட்டால் மடிப்புகள் சீக்கிரம் அடைக்காது.

சுத்தம் செய்ய, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகக் காற்று அடித்தால் போதும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் துணி கிழியும். அந்த வேலைக்கு என்95 மாஸ்க் கட்டாயம், கூடவே அறைக் கதவையும் சாத்திக்கொள்ள வேண்டும்.