பதினைந்தில் இருந்து எட்டுக்கு

2020 டிசம்பர் 19 அன்று இங்கிலீஷ் பிரீமியர் லீகில் என் ஆர்சனல் எவர்ட்டனிடம் 2-1 என்று தோற்ற கொஞ்ச நேரத்தில் அக்கா பையனிடமிருந்து ஒரு மெசேஜ். "மாமா, அடுத்த வருஷம் செகண்ட் டிவிஷன் மேட்ச் எல்லாம் எந்த சேனல்ல வரும்னு இப்பவே விசாரிச்சு வெச்சுக்கோங்க." அவன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். நான் பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவது? 14 ஆட்டம், 14 பாயின்ட், 15ஆம் இடம். அடித்த கோல் மொத்தமே 12. நவம்பர் 1ஆம் தேதி அவனுடைய யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு லீகில் ஏழு ஆட்டம் ஆடி ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை.

அந்த ஏழில் ரொம்பக் கொடுமை பர்ன்லி ஆட்டம். எங்கள் மிட்ஃபீல்டர் ஜாக்கா எதிராளியின் கழுத்தைப் பிடித்து ரெட் கார்டு வாங்கினார். கோல் போட ஆளில்லை என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் ஸ்ட்ரைக்கர் ஒபமேயாங் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், சேம் சைடு கோல். 0-1. மூன்றே நாளில் சவுத்தாம்ப்டன் ஆட்டத்தில் கேப்ரியலுக்கு ரெட் கார்டு. அதற்கு முந்தைய மாதம் லீட்ஸில் பெப்பே. மான்செஸ்டர் சிட்டியிடம் லீக் கோப்பையில் 1-4 வாங்கியபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கோச் ஆர்டெட்டாவை அனுப்பிவிட வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆகஸ்டில் செல்சியை வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கிய அதே ஆளைத்தான் சொன்னேன். நான்கு மாதத்தில் என் விசுவாசம் அவ்வளவுதான். இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அக்கா பையனே வந்து எழுதுவான்.

பிறகு டிசம்பர் 26. செல்சி.

எல்லோரும் அதை 'திருப்புமுனை' என்கிறார்கள். சரிதான், ஆனால் அது எப்படி நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வில்லியனுக்கும் டேவிட் லூயிஸுக்கும் உடம்பு சரியில்லை. கேப்ரியல் கொரோனா தொற்றிய ஒருவருடன் தொடர்பில் இருந்ததால் தனிமையில். வேறு வழியில்லாமல்தான் எமில் ஸ்மித் ரோ என்ற 20 வயசுப் பையனை நடுவில் நிறுத்தினார்கள். இந்த சீசனில் லீகில் அவனுக்கு அதுதான் முதல் ஸ்டார்ட். இடது பக்கம் மார்டினெல்லி, வலது பக்கம் சாகா. லைன்-அப்பைப் பார்த்ததும் நான் டிவியை அணைக்கத்தான் போனேன்.

பெனால்டியில் எங்கள் லகாஸெட் 1-0. அந்த பெனால்டியைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்று செல்சிக்காரர்கள் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். அடுத்து ஜாக்காவின் ஃப்ரீ கிக், சுவருக்கு மேலே ஏறி மூலையில் போய் விழுந்தது. கழுத்தைப் பிடித்தவரும் அவர்தான், இதை அடித்தவரும் அவர்தான். மூன்றாவது சாகா. அது கிராஸா ஷாட்டா என்று சாகாவுக்கே தெரியுமோ என்னவோ, பந்து செல்சி கோல்கீப்பர் மெண்டி தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. 3-1 ஆன பிறகும் நிம்மதியில்லை. கடைசியில் ஜோர்ஜினியோவின் பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் லெனோ தடுத்த பிறகுதான் நான் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை 'மனவுறுதி', 'வெறி' என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவர்ட்டனிடம் தோற்றபோதும் ஓடத்தான் ஓடினார்கள். இல்லாமல் போனது வெறி அல்ல, நடுவில் ஓர் ஆள். முன்பெல்லாம் நம் ஆட்டம் எப்படி இருந்தது? லெஃப்ட் பேக்கிடம் பந்து, அங்கிருந்து சென்டர் பேக், அங்கிருந்து ரைட் பேக், மறுபடி திரும்ப. கோயிலைப் பிரதட்சணம் வருகிற மாதிரி பெனால்டி பாக்ஸைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கர்ப்பக்கிரகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், கடைசியில் ஒரு கிராஸ். அதை எதிரணி டிஃபென்டர் நெற்றியால் முட்டி அனுப்புவார். நானும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

ஸ்மித் ரோ செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதிரணியின் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் போய் நிற்கிறான். பந்து காலுக்கு வருமுன்பே உடம்பைப் பாதி திருப்பி வைத்திருக்கிறான். வாங்கினான், கொடுத்தான், உடனே அடுத்த இடத்துக்கு ஓடினான். அவன் அங்கே இருப்பதால் லகாஸெட் பந்தைத் தேடிக் கீழே இறங்கி வர வேண்டியதில்லை. அவனை யார் பிடிப்பது என்று டிஃபென்டர்கள் தயங்கும் நேரத்தில் வலது பக்கம் சாகாவுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஓர் ஆள் சரியான இடத்தில் நின்றதும் இன்னும் நாலு பேர் நல்ல ஆட்டக்காரர்களாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரைட்டனை 1-0. லகாஸெட் சப்ஸ்டிடியூட்டாக இறங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கோல். வெஸ்ட் ப்ரோமை 4-0, அதுவும் கொட்டுகிற பனியில். லெஃப்ட் பேக் டியர்னி அரைக்கைச் சட்டையோடு இடது பக்கம் ஓடி, உள்ளே வெட்டி, வலது காலால் அடித்த கோலை இதுவரை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. கிரிஸ்டல் பாலஸோடு 0-0, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நியூகாசிலை 3-0, மிட்ஃபீல்டர் தாமஸ் பார்ட்டி தூக்கிப் போட்ட ஒரு நீளப் பாஸில் ஒபமேயாங் தன்னை நினைவுபடுத்திக்கொண்டார். நேற்று முன்தினம் (2021 ஜனவரி 26) சவுத்தாம்ப்டனில் மூன்றாவது நிமிஷமே கோல் வாங்கி, அப்புறம் 3-1. டிசம்பரில் அப்படி ஒரு கோலை வாங்கியிருந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்திருக்கும். சாகா கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டபோது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தூங்கவில்லை.

ஆக லீகில் ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஒரு டிரா. முதல் 14 ஆட்டத்தில் 12 கோல் போட்ட அணி இந்த ஆறில் மட்டும் 14 போட்டு, வாங்கியது இரண்டே. 30 பாயின்ட், சவுத்தாம்ப்டன் ஆட்டம் முடிந்தபோது எட்டாம் இடம்.

எட்டு என்பது ஆர்சனலுக்குப் பெருமைப்படும் இடமா என்று கேட்டால், இல்லை. வென்றதில் முக்கால்வாசி, டேபிளில் நமக்குக் கீழே கிடக்கும் அணிகளை. போன சனிக்கிழமைதான் இதே சவுத்தாம்ப்டன் எஃப்ஏ கோப்பையிலிருந்து நம்மை வெளியே தள்ளியது, அன்றும் சேம் சைடு கோல். மிட்ஃபீல்டர் ஓஸில் துருக்கிக்குப் போய்விட்டார். ரியல் மாட்ரிட்டிலிருந்து மிட்ஃபீல்டர் ஓடகார்டை சீசன் முடியும்வரை கடனாக வாங்கியிருக்கிறார்கள். ஸ்மித் ரோ ஒருவனையே மூன்று நாளுக்கு ஒருமுறை இறக்கினால் கால் தாங்காது, அதனால் சரியான வேலை. ஆனால் வில்லியன், லூயிஸ், கேப்ரியல் மூன்று பேரும் டிசம்பர் 26 அன்று தயாராக இருந்திருந்தால் ஆர்டெட்டா இந்தப் பையனை இறக்கியிருப்பாரா? இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இறக்கியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் அவனை வெளியே எடுக்காமல் வைத்திருந்தாரே, அந்தப் புத்திக்கு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை யுனைடெட் வருகிறது. நேற்று அவர்கள் சொந்த மைதானத்திலேயே, கடைசி இடத்தில் இருக்கும் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றுவிட்டார்கள். அக்கா பையனிடமிருந்து இதுவரை சத்தமே இல்லை. "சேனல் விசாரிச்சிட்டியாப்பா?" என்று டைப் செய்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும்.