எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு: செவிலியர் செய்முறைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

நீலகிரியில் செவிலியம் படித்தபோது, மருத்துவ அறுவைச் செவிலியப் பாடத்தின் செய்முறைத் தேர்வில் ஒரு முதியவரின் படுக்கை அருகே என்னை நிறுத்தினார்கள். அவருடைய இடது குதிகாலில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, கருத்து உலர்ந்து தோல்போல் கெட்டிப்பட்ட ஒரு பொருக்கு இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்போ ஈரமோ நாற்றமோ இல்லை. “இதற்கு என்ன கட்டுப் போடுவாய்?” என்று வெளித்தேர்வாளர் கேட்டார். புண் கருப்பாக இருந்தால் ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல், மஞ்சளாக இருந்தால் கசிவை உறிஞ்சும் ஆல்ஜினேட், சிவப்பாக இருந்தால் காற்றுப் புகாமல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு என்று கட்டுகளின் ஓர் அட்டவணையை முந்தைய இரவு மனப்பாடம் செய்திருந்ததால், ஹைட்ரோஜெல் வைத்துப் பொருக்கை ஊறவைத்து அகற்றுவேன் என்று தயங்காமல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து அந்த முதியவரின் பாதத்தின் மேல் வைத்தார். பாதம் சில்லென்று இருந்தது; விரல் நுனிக்கு நாடி தட்டுப்படவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை, கிடைக்காததே நியாயம்.

இரத்த ஓட்டம் குறைந்த காலில் உலர்ந்து, இறுக ஒட்டி, தொற்றில்லாமல் இருக்கும் பொருக்கு, உடல் தானே போட்டுக்கொண்ட மூடி. அதை ஊறவைத்துக் கிளறினால், ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் வராத இடத்தில் ஒரு திறந்த புண்ணை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். ஈரம் சேர்ந்து தொற்று நுழைந்தால் காலை இழக்கும் நிலைகூட வரலாம். அங்கே சரியான விடை, உலர்வாகவே வைத்து, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துத் தூக்கிவைத்து, தினமும் பார்வையிட்டு, இரத்தக்குழாய் மருத்துவரின் கருத்தைக் கேட்பதுதான். நிறத்தை மட்டும் பார்த்துக் கட்டைச் சொல்லும் அட்டவணையில் இது இருக்காது. இந்தத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: கட்டின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், காயத்திலிருந்து தொடங்குங்கள்.

மறுமுறை படிக்கத் தொடங்கியபோது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வார்டில் பார்த்த ஒவ்வொரு காயத்துக்கும் ஐந்து வரி எழுதினேன். புண்ணின் தரை எப்படி இருக்கிறது, எவ்வளவு கசிகிறது, எவ்வளவு ஆழம், சுற்றியுள்ள தோல் எந்த நிலையில் இருக்கிறது, அந்த இடத்துக்கு இரத்தம் வருகிறதா என்பவையே அந்த ஐந்தும். இவற்றை எழுதி முடிக்கும்வரை கட்டின் பெயரை எழுதக்கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இருபது இருபத்தைந்து காயங்களை எழுதியபின், ஐந்தாவது வரியை முடிக்கும்போதே விடை தெரிந்துவிடும் நிலை வந்தது.

அடிப்படைக் கொள்கையைக் கேட்டால் ஈரச்சூழல் என்ற ஒன்றை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘காற்றுப் பட்டுக் காய்ந்தால்தான் புண் ஆறும்’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் செய்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில், காற்றில் காயவிட்டவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் கீழே ஈரமான வழியைத் தேடி வளைந்து செல்ல வேண்டிய தோல் செல்கள், ஈரமான தரையில் நேராக நகர்ந்துவிடுகின்றன. ஆனால் ஈரம் என்றால் நனைந்து ஊறுவது என்று பொருளல்ல. சுற்றுத்தோல் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் நனைந்த விரல்போல் சுருங்கியிருந்தால், கட்டு உறிஞ்சுவதைவிடக் கசிவு அதிகம் என்று பொருள்.

ஆகவே கட்டுகளைக் கசிவின் வரிசையில் நினைவில் வைப்பதே எனக்கு உதவியது. கசிவே இல்லாத, வறண்ட, ஆனால் இரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண்ணுக்கு ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல். மேலோட்டமாக, மிகக் குறைவாகக் கசியும் இடத்துக்கு ஒளி ஊடுருவும் ஃபிலிம். குறைவு முதல் நடுத்தரக் கசிவுக்கு ஹைட்ரோகொலாய்டு. நடுத்தரம் முதல் அதிகக் கசிவுக்கு, நுரைப்பஞ்சுபோல் உறிஞ்சும் ஃபோம். நிறையக் கசியும் புண்ணுக்கு ஆல்ஜினேட்.

ஹைட்ரோகொலாய்டைப் பற்றித் தேர்வாளர்கள் துருவிக் கேட்பார்கள். இதைப் புண்ணின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி, உள்ளங்கைகளுக்கிடையே சற்று நேரம் வைத்துச் சூடாக்கி ஒட்ட வேண்டும். மலைக்குளிரில் இந்தச் சூடாக்கலைத் தவிர்த்தால் ஓரம் சரியாகப் பிடிப்பதில்லை. சில நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே மஞ்சளாக, வாடையோடு கூழ் இருக்கும். முதன்முறை அதைப் பார்த்து நான் சீழ் என்று பதறி ஓடிப்போய்ச் சொன்னேன். அது கட்டிலுள்ள பொருள் புண்நீரோடு கலந்து உண்டாவது. சலைன் என்னும் உப்புநீரால் கழுவியபின்னும் நாற்றம் இருக்கிறதா, சுற்றிலும் சிவப்பும் சூடும் பரவியிருக்கிறதா என்று பார்த்தபிறகே தொற்று என்று சொல்ல வேண்டும். தொற்றுள்ள புண்ணைக் காற்றுப் புகாத இந்தக் கட்டால் மூடக்கூடாது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து செய்யப்படுவது. அதிலுள்ள கால்சியம் அயனிகள் புண்நீரிலுள்ள சோடியம் அயனிகளோடு இடம் மாறிக்கொள்வதால் நார் கூழாகிறது. வெளிவரும் கால்சியம் இரத்தம் உறையவும் துணைசெய்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது கத்தி பட்டு மேல்தோல் சீவிப்போன விரலுக்கு, அழுத்திப் பிடித்தபின்னும் பொடிப்பொடியாக இரத்தம் துளிர்த்தால் இது நல்ல தேர்வு. வறண்ட புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுச்சதையையும் பெயர்த்துவிடும். குழியான புண்ணை நிரப்பும்போது இறுக்கித் திணிக்காமல் தளர்வாக வைத்து, நுனியை வெளியே தெரியும்படி விட்டு, எத்தனை துண்டு வைத்தோம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு, புண் ஆறாமல் இழுத்தடிக்கக் காரணமாகிவிடும்.

வயதானவர்களின் மெல்லிய தோல் படுக்கையின் விளிம்பில் உரசிக் கிழிந்தால், கிழிந்த தோல்மடலைச் சலைனால் நனைத்து மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ளி, சிலிக்கோன் வலை போன்ற ஒட்டாத கட்டை வைக்க வேண்டும். மூத்த சிஸ்டர் ஒருவர் அந்தக் கட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுவார். மடலின் வேரிலிருந்து நுனியை நோக்கி எந்தத் திசையில் உரிக்க வேண்டும் என்பதை அடுத்த ஷிப்டில் வருபவருக்குச் சொல்லும் குறி அது.

சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கு நீங்கள் அதிக நேரம் ஒதுக்கிப் படியுங்கள். ஜனவரி உறைபனியில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வார்டுக்கு வந்திருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் இரவு கணப்பருகே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கால் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் மகள் பார்த்து, “அம்மா, கால்ல தோல் உரிஞ்சிருக்கு” என்று சொன்ன பிறகுதான் தெரிந்ததாம். அவருக்கு என்ன கட்டு என்பது இரண்டாவது கேள்விதான். 10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதிப்பது, நாடி பார்ப்பது, எலும்பு தட்டுப்படுகிறதா என்று மழுங்கிய கம்பியால் பார்ப்பது, அந்தக் காலில் எடை விழாதபடி செய்வது ஆகியவை முதலில் வர வேண்டும். எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும் உள்ளங்கால் புண் எந்த விலையுயர்ந்த கட்டாலும் ஆறாது. சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணின் தீவிரத்தைச் சொல்லும் வாக்னர் வகைப்பாட்டின் 0 முதல் 5 வரையிலான படிகளையும் இந்த இடத்தில் கேட்பார்கள்.

காலுக்கு இரத்தம் எவ்வளவு போகிறது என்று காட்டும் கணுக்கால் புயக் குறியீட்டைக் கணக்கிடவும் பழகிக்கொள்ளுங்கள். கணுக்காலின் சிஸ்டாலிக் (மேல் எண்) இரத்த அழுத்தம் 90, கைகளில் அதிகமாக உள்ளது 140 என்றால், 90-ஐ 140-ஆல் வகுக்க 0.64 வரும். 0.8-க்குக் கீழே இருக்கும் காலில், சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வரும் சிரைப்புண்ணுக்கு வழக்கமாகப் போடும் 40 மி.மீ. பாதரச அழுத்தக் கட்டைப் போடக்கூடாது. சர்க்கரை நோயில் தமனிச்சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டியாவதால் 1.3-க்கு மேல் போலியாக உயர்ந்து காட்டலாம். அந்த எண்ணை நம்பிக் கட்டு இறுக்கக்கூடாது. கணுக்கால் புண் இளவயதுப் பழங்குடி நோயாளிக்கு இருந்தால் அரிவாள் செல் நோயையும் நினைவுகூர வேண்டும். இந்தியாவில் அந்த இரத்தக் குறைபாடு முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் பதிவாயிற்று. இங்கே படிக்கும் நமக்கு இது வெறும் பாடவரி அல்ல.

தீக்காயத்துக்கு முதல் கட்டே தண்ணீர்தான். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் வைக்கக்கூடாது. மலையில் குழாய்நீரே நடுங்க வைக்கும் என்பதால், குழந்தைக்கு அந்த இடத்தை மட்டும் குளிரச்செய்து மற்ற உடலைப் போர்த்தி வைக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மேலோட்டமான தீக்காயத்துக்கு, ஒட்டாதபடி மெழுகு தடவிய பாரஃபின் காஸ் துணியும் அதன்மேல் உறிஞ்சும் பட்டையும் போதும். எல்லாத் தீக்காயத்துக்கும் சில்வர் சல்ஃபாடையாசின் களிம்பு என்று எழுதிவிடாதீர்கள். மேலோட்டமான காயத்தில் அது ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது. காயத்தின் மேல் வெண்படலமாகப் படிந்து ஆழத்தைக் கணிக்க விடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், பிறந்த குழந்தைகளுக்கும் அதைத் தவிர்க்க வேண்டும்.

சுத்தமாகச் சிவந்து வளரும் சதையில் தினமும் பெட்டாடினோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றுவது புதுச் செல்களுக்கும் கேடு. 0.9 விழுக்காடு சலைன் போதும். நாட்பட்ட புண்ணுக்குச் சலைன் இல்லாத தோட்ட மருந்தகத்தில், குடிக்கத் தகுந்த சுத்தமான நீரும் போதும். எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது மேலே நிற்கும் சீழைத் தொடாமல், புண்ணைக் கழுவியபின் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு நல்ல தரையில் பஞ்சுக்குச்சியை அழுத்தி ஐந்து வினாடி உருட்ட வேண்டும்.

குன்னூரில் 1907-இல் தொடங்கி வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிலையம் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத் தேர்வாளர்கள் கடிகாயத்தைக் கேட்காமல் விடுவதில்லை. நாய்க்கடியை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் வேலை. காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்பியிருந்தால் அதையும் கழுவி எடுக்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வரும் மூன்றாம் வகைக் கடியானால், வெறிநோய்க் கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். உடனே தையல் போடுவதையும் இறுக்கிக் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கரடி போன்ற காட்டுவிலங்கு கடித்தால் அதை மூன்றாம் வகையாகவே கொள்ள வேண்டும். அட்டைக்கடி இதில் சேராது. அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால் கசிவு நெடுநேரம் நீடிக்கும். அழுத்திப் பிடித்து, சிறு கட்டு ஒன்று போட்டால் போதும்.

செய்முறை மேசையில் நிற்கும்போது, சலைன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த திரவம் புண்ணின் வெப்பத்தைத் தணித்துச் செல் பிரிவதை மந்தப்படுத்தும். அளக்கும்போது நோயாளியின் தலைப்பக்கத்தைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு நீளம், அகலம், ஆழம் சொல்லுங்கள். விளிம்புக்கு அடியில் குடைந்திருந்தால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லுங்கள். ஒட்டிய பழைய காஸை வறட்டுத்தனமாக இழுக்காமல் நனைத்து, நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். கட்டைப் போட்டு முடித்ததும், அடுத்து எந்த நாள் மாற்ற வேண்டும், அதற்கு முன்பே மாற்ற வேண்டுமானால் எந்த அறிகுறியைக் கண்டு மாற்ற வேண்டும் என்ற இரண்டையும் தேதி, நேரம், கையொப்பத்தோடு குறிப்பேட்டில் எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் முறை அதை எழுதி முடிக்கும்வரை தேர்வாளர் என் மேசையருகேயே நின்றிருந்தார்.