மூன்றடி போதாது

மார்ச் 3, திங்கள்

தொட்டியிலுள்ள ப்ளூ டாங் மீனுக்கு இன்றும் அதே ஓட்டம். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மறுபடி இடது. மார்புத் துடுப்பிரண்டையும் இறக்கை போல அடித்துக்கொண்டு வருகிறது. கண்ணாடிக்கு நாலு விரற்கடை இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வாலை ஒரு பக்கம் மடக்கி, உடம்பை வளைத்துத் திரும்புகிறது. திரும்பி முழு வேகம் எடுப்பதற்குள் எதிர்க் கண்ணாடி வந்துவிடுகிறது. நீந்துகிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரம்தான் அதிகம். காபி ஆறும்வரை நின்று பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

தொட்டிக்குக் கடல்நீர் கலக்க உப்பு வாங்கக் கொளத்தூர் மீன்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மறுபடியும் அதையே சொன்னார்: "தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் வளரும் மேடம். கவலைப்படாதீர்கள்."

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது. ப்ளூ டாங் கடலில் 30 சென்டிமீட்டர் வரை வளரும். சின்னத் தொட்டியில் வளராமல் நிற்கிறதென்றால், பெருந்தன்மையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு நமக்கு இடம் விட்டது என்றா பொருள்? கழிவு சேர்ந்த தண்ணீரும் ஓட இடமில்லாத அழுத்தமும் அதைக் குன்றவைத்துவிட்டன என்று பொருள். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கிறார்கள். வாங்குகிறவர் அந்த இரண்டு அங்குலத்துக்குத் தொட்டி பார்க்கிறார். பார்க்க வேண்டியது, அது ஆகப்போகிற ஓரடிக்கு.

நிறைய உப்பு வாங்கிவிட்டேன். தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் தோள் போய்விட்டது.

மார்ச் 6

அப்பா இரவு முழுவதும் தூங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் பேசினான். "மூன்று மாடி ஏறி இறங்க அப்பாவால் இனி முடியாது, கீழ்த்தளமாகப் பார்" என்கிறான். பார்க்காமலா இருக்கிறேன்.

சாயங்காலம் மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். இப்போதுள்ள தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 190 லிட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனுக்கு லிட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரே எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதுதான். மூன்றடி என்றால் 91 சென்டிமீட்டர். மீன் இப்போது 13 சென்டிமீட்டர் இருக்கும். ஆக ஏழு உடல் நீளம். முழுதாக வளர்ந்தால் அதே மூன்றடி மூன்று உடல் நீளம் ஆகிவிடும்.

அதே தொட்டியில் க்ளவுன் மீன் இரண்டும் மூலையில் ஒரு கல்லைச் சுற்றியே வாழ்நாளைக் கழிக்கின்றன. கடலிலும் அவை தாங்கள் ஒண்டி வாழும் கடற்சாமந்தியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அவற்றுக்கு இந்த மூன்றடி தாராளம். இத்தனை அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர் என்று கடைகளில் ஒரு வாய்ப்பாடு சொல்கிறார்களே, அது இங்கேதான் உடைகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று உட்கார்ந்திருக்கும் மீனாகவும் மற்றது ஓடும் மீனாகவும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே தொட்டி எப்படிப் பொருந்தும்?

ஆறடி. அதற்குக் குறைந்து யோசிக்கக் கூடாது.

மார்ச் 12, புதன்

கீழ்வீட்டு மாமா பொதுப்பணித் துறையில் இருந்தவர். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றதும் பேனாவை எடுத்துவிட்டார். 24 கன அடி, ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.025 கிலோ. தண்ணீர் மட்டுமே 700 கிலோவை ஒட்டி வருகிறது. 12 எம்.எம். கண்ணாடி நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது. பாறை, இரும்பு ஸ்டாண்ட், அடியில் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன். அந்த ஒரு டன் நிற்பது 12 சதுர அடியில்.

வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்களாம். "உத்தரத்துக்கு மேலே, சுவரை ஒட்டி வைத்தால் தாங்கலாம். ஆனால் இந்தக் கட்டடத்தில் உத்தரம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் அம்மா" என்றார்.

ஆகவே தொட்டிக்கும் கீழ்த்தளம்தான். இனிமேல் வீடு பார்க்கும்போது டேப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பங்குனி பிறந்துவிட்டது. இந்த மாதம் வீடு மாறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்திரை வரை மூன்றடிதான்.

இரவு தூக்கம் வராமல் அந்தச் சுறாவைப் பற்றி மறுபடி படித்தேன். கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியத்தில் 2004 செப்டம்பரில் ஒரு இளம் வெள்ளைச் சுறாவை விட்டார்கள். 38 லட்சம் லிட்டர் தொட்டி. அதற்கு முன் உலகில் வேறெந்தக் காட்சியகத்திலும் வெள்ளைச் சுறா 16 நாளைத் தாண்டியதில்லை. இது 198 நாள் இருந்தது. நன்றாகத் தின்றது, வளர்ந்தது, பிறகு உடன் இருந்த சுறாக்களை வேட்டையாடத் தொடங்கியது. 2005 மார்ச் கடைசியில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள்.

38 லட்சம் லிட்டர் வைத்திருந்தவர்கள்கூட, இது போதாது என்று ஒருநாள் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

மார்ச் 18

வீடு ஒன்றும் அமையவில்லை. அப்பா இன்று ஸ்பூனைத் தானாகப் பிடித்தார், இடது கையில்.

மார்ச் 21, வெள்ளி

வால் துடுப்பில் இரண்டு வெண்புள்ளி. மணலா? நோயா? டாங் இனத்துக்குத்தான் இந்த நோய் முதலில் வரும் என்பார்கள். விளக்கை அணைத்துவிட்டேன். இனி காலையில்தான் தெரியும்.

மார்ச் 22

மணல்தான். மணல்தான்.

மார்ச் 23, ஞாயிறு

கொரட்டூரில் ஒரு வீடு. கீழ்த்தளம், இரண்டே படி. கூடம் 12க்கு 10. அப்பா நடக்க இடம் இருக்கிறது. கிழக்குச் சுவரில் பெரிய சன்னல், வெயில் நேராக விழும். அங்கே தொட்டி ஆகாது, பாசியும் சூடும் சேர்ந்து கொல்லும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டேன். உரிமையாளர் சுவரில் முழங்காலுக்குக் கீழே கைவைத்துக் காட்டினார். ஸ்டாண்ட் இரண்டரை அடி இருந்தால் தொட்டி தப்பிக்கும். மோட்டார்களும் அப்பாவின் கட்டிலும்தான் கவலை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். யோசிக்க வேண்டியது நாங்களா, அவரா என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

தொட்டி ஒட்டுகிறவரிடம் பேசினேன். எல்லோரும் உயரமான தொட்டிதான் கேட்கிறார்களாம், பார்க்க எடுப்பாக இருக்குமாம். பார்க்கிறவருக்கு எடுப்பு. ஓடுகிற மீன் மேலும் கீழுமா ஓடுகிறது? நீளத்தில்தான் ஓடுகிறது. உயரம் கூடக் கூடக் கண்ணாடியின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடுகிறது, அதனால் கண்ணாடி தடிமன், அதனால் விலை, அதனால் எடை. கை எட்டாத ஆழத்தில் அழுக்கு வேறு தங்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தோன்றிவிட்டது. உயரத்தில் நாலு அங்குலம் குறைத்து, அகலத்தில் ஆறு அங்குலம் சேர்த்தால்? நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடி, உயரம் 20 அங்குலம். 25 கன அடி, சுமார் 700 லிட்டர். தண்ணீரின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் மேற்பரப்பு 12 சதுர அடியிலிருந்து 15 ஆகிறது. காற்று கலப்பது மேற்பரப்பில்தான். அதைவிட முக்கியம், ஓரடி மீன் இரண்டரை அடி அகலத்தில் வேகத்தைக் குறைக்காமலே வட்டமடித்துத் திரும்பலாம். வாலை மடக்கி நின்று திரும்ப வேண்டாம்.

அவர் எதிர்முனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செய்யலாம். நல்ல அளவுதான்" என்றார். இன்றைக்கு இது போதும் எனக்கு.

மார்ச் 30, ஞாயிறு

கொரட்டூரிலிருந்து பதில் இல்லை.

நண்பகலில் தொட்டி 29 டிகிரி. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். சூடேறினால் அதுவும் குறையும். ஓடுகிற மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும். மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பிவைத்தேன். 27.5க்கு வந்தது. விசிறி இங்கே வந்துவிட்டதால் அம்மா சமையலறையில் வேர்வையில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

அலுவலகத்தில் ஒருவர் எட்டடித் தொட்டி வைத்திருக்கிறார். மீனைத் தந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர், தொட்டியும் நல்ல தொட்டி. ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒரு பவுடர் ப்ளூ டாங் இருக்கிறது. வாலடியில் கத்தி போன்ற முள் உள்ள இனம் இரண்டுமே. புதிதாக வருகிற டாங்கை அது விட்டுவைக்காது.

இரவு வெகுநேரம் யோசித்தேன். சித்திரைக்குள் வீடு அமையாவிட்டால் தரத்தான் வேண்டும். எனக்குப் பிரியம் என்பதற்காக அது மூன்றடியில் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. விளக்கணைத்த பிறகு போய்ப் பார்த்தேன். கற்களின் இடுக்கில் பக்கவாட்டில் செருகிக்கொண்டு படுத்திருந்தது. இரவில் அந்த நீலம் வெளிறிப்போகும். கறுப்புப் பட்டை மட்டும் மங்கலாகத் தெரியும். இதைக் கடலிலிருந்துதான் பிடித்து வந்திருப்பார்கள். புளோரிடாவில் 2016இல் முதன்முதலாக ஆய்வகத்தில் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள், ஆனாலும் கடைக்கு வருகிறவை பெரும்பாலும் கடலில் பிடித்தவைதான். அப்படியானால் இதற்குச் சுவரில்லாத இடம் தெரியும்.

ஏப்ரல் 3

இன்னும் பதில் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது! உரிமையாளர் சரி என்றுவிட்டார். தொட்டி கசிந்தால் தரைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கேட்டார், எழுதித் தருகிறேன்.

அடுத்த சிக்கல் சுவர். 12 அடிச் சுவர்தான் தொட்டிக்கு வசதி. அதே சுவரில்தான் அப்பா பிடித்து நடக்க எஃகுக் கம்பி அடிக்க வேண்டும் என்று பிசியோதெரபி தம்பி சொல்கிறார். நடப்பதைவிடத் திரும்புவதுதான் சிரமமாம், விழுவதெல்லாம் திரும்பும்போதுதானாம். அதனால் கம்பி இடையில் நிற்காமல் நீளமாக ஓட வேண்டும், கடைசியில் நின்று திரும்ப இடம் வேண்டும்.

கம்பிக்குத்தான் நீளச் சுவர். அதில் பேச்சே இல்லை. தொட்டி 10 அடிச் சுவருக்கு. ஆறடி போக இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி; பராமரிக்கக் கை நுழைய அது போதும். ஆனால் இரண்டரை அடி அகலம் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு வரும். கம்பியின் கடைசியில் அப்பா திரும்புகிற இடத்துக்கும் தொட்டியின் மூலைக்கும் இடையே எவ்வளவு இருக்கும்? நாளை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 7

நாலடி இருக்கிறது. வாக்கரோடு திரும்பலாம்.

ஏப்ரல் 9, புதன்

தொட்டி உள்ளே போகாது. மதிலோரச் சந்து மூன்றடி அகலம், நடுவில் ஒரு முடக்கு. ஆறடித் தொட்டியைப் படுக்கவைத்து அந்த முடக்கில் திருப்ப முடியாது. செங்குத்தாக நிறுத்தித் தூக்கினால் ஒட்டு விட்டுவிடும் என்று ஒட்டுகிறவர் பயப்படுகிறார். ஐந்தடியாகக் குறைத்துவிடலாமா என்றார். மாட்டேன் என்றேன். கண்ணாடிப் பலகைகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து கூடத்திலேயே ஒட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. சிலிக்கான் காய ஒரு வாரம் விட வேண்டும். அந்த வாடைக்கு அப்பாவையும் அம்மாவையும் உள்ளறையில் வைத்துச் சன்னலெல்லாம் திறந்துவிட வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 16, புதன்

வந்துவிட்டோம். மீன்களை மூடி போட்ட டிரம்மில், பேட்டரிக் காற்றுக் குழாயோடு குட்டியானையில் ஏற்றி, நானும் பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன். பழைய தண்ணீரில் பாதியும் வந்தது. கற்கள் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே வந்தன. அதிலுள்ள பாக்டீரியா செத்தால் அம்மோனியா ஏறிவிடும். மூன்றடித் தொட்டியை மறுபடி நிறுத்தியாயிற்று. டாங் கல்லிடுக்கிலிருந்து வெளியே வரவில்லை. அப்பாவும் அறையை விட்டு வரவில்லை.

ஏப்ரல் 18

டாங் நோரி என்ற கடற்பாசித் தாளைக் கிள்ளிக் கிள்ளித் தின்கிறது. அம்மோனியா சுழியம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடைக்காரர் தொலைபேசியில்: "ஆறடி வந்தால் இடம் நிறைய இருக்குமே, ஒரு எல்லோ டாங், ஒரு பவுடர் ப்ளூ, இரண்டு ராஸ் தரட்டுமா?" ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த இடம் காலியாக இருப்பதற்காகத்தான் வாங்குகிறேன். ஓரடி வளர்ந்த பிறகு ஆறடியிலும் அதற்கு ஆறு உடல் நீளம்தான் கிடைக்கும். இன்றைக்கு இருப்பதைவிட ஒரு நீளம் குறைவு. அகலம்தான் என் நம்பிக்கை.

கம்பி அடித்தாயிற்று. அப்பா பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

கண்ணாடி வந்தது. முன்பக்கப் பலகையின் கீழ் மூலையில் நகக்கண் அளவு சிப்பு. சிலிக்கானுக்குள் மறைந்துவிடும் என்றார்கள். 700 லிட்டர் தாங்க வேண்டிய மூலை அது. திருப்பி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை வேறு பலகை வருமாம்.