அம்மாவோட கோடியக்கரை, அப்புறம் தரங்கம்பாடி

எங்கம்மா கோடியக்கரைக்கு பத்து பன்னெண்டு தடவையாவது போயிருப்பாங்க, எல்லாமே ஆடி அமாவாசை தை அமாவாசைன்னு கடல் முழுக்குக்குத்தான். திருத்துறைப்பூண்டில பஸ் ஏறுனா முழுக்கு, ராமர் பாதம், திரும்ப பஸ், அவ்ளோதான். ரோட்டோரத்துலயே காடு, 1967லேர்ந்து அது சரணாலயம், ஆனா ஒரு தடவகூட உள்ள போனதில்ல. நானும் போனதில்ல, போன வருஷம் காசு சேத்து அந்தமான் வரைக்கும் போய்ட்டு வந்தவன் நான், பக்கத்துல இருக்கறத பாக்காம விட்டுட்டமேன்னு மனசு உறுத்திட்டே இருந்துச்சு. அதான் மார்கழி கடைசியில அம்மாவ கூட்டிட்டு கிளம்பிட்டேன்.

விடியக்காலையிலயே உள்ள போய்ட்டோம். பாலை மரமும் முள்ளுமா ஒரு காடு, அதைத் தாண்டுனதும் திடீர்னு புல்வெளி, அங்க ஒரு இருபது வெளிமான் மேஞ்சிட்டு இருக்கு. கெடா மான் முதுகு கன்னங்கரேல்னு, வயிறு வெள்ளவெளேர்னு, கொம்பு ரெண்டும் முறுக்கிட்டு மேல போகுது. அம்மா என் கையப் புடிச்சிகிட்டு "சத்தம் போடாதடா தம்பி"ன்னாங்க, நான் பேசவே இல்ல.

வெளிமான் ஒளிஞ்சு வாழற மான் இல்ல, தூரத்துலயே ஆபத்தப் பாத்துட்டு ஓடித் தப்பிக்கிற மான், அதுக்கு வெட்டவெளி வேணும். அந்த வெளியத்தான் சீமக்கருவேலம் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டு வருது. காயைத் திங்கற ஆடுமாடு, குதிரை எல்லாம் வெதையச் சாணியில போட்டுட்டே போகும், வெட்டுனாலும் திரும்பத் துளுக்கும். 2018ல கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்துச்சு, அந்த அடியையும் தாங்கிகிட்டு நிக்கிற காடு இது, இத அந்தக் கருவேல முள்ளுக்கு விட்டுரக் கூடாதுங்க, நெசமாவே வயித்தெரிச்சலா இருக்கு.

உப்பளம் பக்கம் பூநாரை கூட்டம். தலையக் கவுத்து அலகைத் தண்ணிக்குள்ள விட்டு சேத்துத்தண்ணிய வடிகட்டித் திங்குது. "நம்ம நாத்து நடற பொம்பளைங்க மாதிரி வரிசையா குனிஞ்சி நிக்கிது பாரு"ன்னு அம்மா சொன்னதுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

ராத்திரி நாகப்பட்டினத்துல அத்தை வீட்ல தங்கிட்டு மறுநாள் காரைக்கால் வழியா தரங்கம்பாடி. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரங்களுக்கு இடம் குடுத்தாரு, அவங்க கட்டுன டேனிஷ் கோட்டை இன்னும் கடலப் பாத்துகிட்டு நிக்கிது. 1845ல ஊரையே பிரிட்டிஷ்காரங்ககிட்ட வித்துட்டுப் போய்ட்டாங்க. 1706ல இங்க வந்து இறங்குன ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படிச்சி, அச்சுக்கூடம் வச்சி, புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சாரு, 1718ல அவரு கட்டுன புது எருசலேம் சர்ச்சும் அந்த ஊர்லயே இருக்கு. நம்ம எழுத்து ஈயத்துல வார்த்து காகிதத்துல ஏறுன ஊருன்னு நெனச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆனா அம்மா ரொம்ப நேரம் நின்னது கோட்டைகிட்ட இல்ல, பக்கத்துல இருக்கற மாசிலாமணிநாதர் கோயில்லதான். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பக்கத்த கடல் கொண்டு போயிருச்சு. அலை வந்து கல்லுல மோதறத பாத்துகிட்டே கைகூப்பிட்டு நின்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் எதுத்த வீட்டு பெரியம்மாகிட்ட மொத வேலையா சொன்னாங்க, "அக்கா, வர்ற தை அமாவாசைக்கு முழுக்கு போட்டுட்டு உடனே பஸ் ஏறிடாதீங்க, கொஞ்சம் உள்ள போய் அந்த மானைப் பாத்துட்டு வாங்க."