கறுப்பு உடைப் பெண்ணின் படம் யார் யாரிடம் இருந்தது?

நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் கவுண்டியில், கனெடிகட் எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் தன்னார்வலராக வேலை பார்க்கிறேன். சங்கத்தின் கூடத்தில் ஒரு பெண்ணின் உருவப்படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு உடை, வெள்ளை லேஸ் காலர், கையில் சிவப்பு அட்டை போட்ட புத்தகம், லேசாக முன்னால் சாய்ந்த உடம்பு. 1830-களில் அம்மி பிலிப்ஸ் வரைந்தது என்று கருதப்படும் படம். ஒரு மியூசியம் தன் கண்காட்சிக்காக அதை இரவல் கேட்டது. கூடவே, படம் இதுவரை யார் யாரிடம் இருந்தது, எங்கெங்கே காட்டப்பட்டது என்று எழுதித் தரச் சொன்னது. எங்கள் பதிவேட்டில் இருந்ததோ ஒரே வரி: கொடுத்தவர் பெயர், வருடம், ‘பெண், கறுப்பு உடை’. அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிலிப்ஸ் விஷயத்தில் இந்த வரலாறு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 1788-இல் கனெடிகட்டின் கோல்புரூக்கில் பிறந்தவர். ஏறக்குறைய ஐம்பது வருடம் கனெடிகட், மாசசூசெட்ஸ், நியூயார்க் எல்லைப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய் வரைந்தார். படத்தில் கையெழுத்துப் போட்டது மிக அபூர்வம். 1865-இல் அவர் இறந்த பிறகு பெயரே மறைந்துபோனது. 1924-இல் கனெடிகட்டின் கென்ட் ஊரில் நடந்த ஒரு விழாவில், அந்தப் பகுதிக் குடும்பங்கள் தங்கள் மூதாதையர் படங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். முன்னால் சாய்ந்த, கறுப்பு உடைப் பெண்கள். வரைந்தவர் யார் என்று தெரியாததால் ‘கென்ட் ஓவியர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு தொகுதிப் படங்களை வரைந்தவருக்கு ‘எல்லை ஓவியர்’ என்று பெயர். 1958-இல் பார்பரா, லாரன்ஸ் ஹோல்ட்ரிட்ஜ் தம்பதி வாங்கிய ஒரு படத்தின் பின்பக்கத்தில் பிலிப்ஸின் பெயரும் 1840 என்ற ஆண்டும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய், ‘கென்ட் ஓவியர்’, ‘எல்லை ஓவியர்’ இரண்டு பேரும் பிலிப்ஸ் என்ற ஒரே ஆள்தான் என்று நிறுவினார்கள். எந்தப் படம் எந்த ஊர், எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்ற தகவல் இல்லாவிட்டால் இந்த வேலை நடந்தே இருக்காது.

நானும் பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தேன். பழைய கான்வாஸ் நைந்துபோனதால் யாரோ ஒரு காலத்தில் பின்னால் புதுத் துணி ஒட்டியிருக்கிறார்கள். படம் பிழைத்தது, ஆனால் அடியில் ஏதாவது எழுதியிருந்தால் அது மூடிப்போனது. மரச்சட்டத்தில் சாக்பீஸில் எழுதிய ஓர் எண், மூலையில் கிழிந்த லேபிள் ஒன்று. லேபிளில் கடைத் தெருவின் பெயர் பாதி மட்டும் மிச்சம். எல்லாவற்றையும் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தேன்.

அப்புறம் குடும்பம். வாரிசுகள் இன்னும் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. இங்கேதான் அதிக காலம் போனது. இப்படிப்பட்ட படங்கள் பல நேரம் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மகள் கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறிவிடும். அவள் மகளுக்கு இன்னொரு பெயர். ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் இரண்டாவது தலைமுறையிலேயே வழி அடைத்துவிடும். போதாக்குறைக்கு, 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆகவே உயில்கள், சொத்துப் பட்டியல்கள், கல்லறைக் கற்கள், தேவாலயத் திருமணப் பதிவுகள் என்று மகள்களின் வழியாகவே நடந்தேன்.

படத்திலுள்ள பெண்ணின் அப்பாவுடைய சொத்துப் பட்டியலையும் வாசித்தேன். நாற்காலி, கடிகாரம், மாடுகள், அவற்றோடு பெயர் சொல்லி, விலை போட்டு ஒரு மனுஷி. நியூயார்க்கில் அடிமைமுறை 1827-இல்தான் முடிவுக்கு வந்தது. படத்தின் உரிமைச் சங்கிலியில் அந்த வரிக்கு இடமில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. படம் வரையக் காசு எங்கிருந்து வந்தது என்பதும் படத்தின் வரலாறுதான். நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன், அடிமையாக இருந்த அந்த மனுஷியின் பெயரைக் குறிப்பில் எழுதினேன்.

பெரிய உதவி ஃப்ரிக் கலை நூலகத்திடமிருந்து வந்தது. ஹெலன் கிளே ஃப்ரிக் 1920-இல் நியூயார்க் நகரில் தொடங்கியது. 1922 முதல் அவர்களுடைய போட்டோகிராபர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய உருவப்படங்களைப் படம் எடுத்தார்கள். அந்த நெகட்டிவ்களை இப்போது இணையத்தில் பார்க்கலாம். நம்முடைய பெண் அதில் இருந்தார்! துணி ஒட்டுவதற்கு முன்பு எடுத்த படம். உரிமையாளராகப் பேத்தியின் பெயர், நான் கல்லறைக் கல்லில் பார்த்த அதே பெயர். அடுத்த எண் நெகட்டிவில் அதே அளவில் ஒரு ஆண், கறுப்புக் கோட்டு, அதே நாற்காலி. கணவரின் ஜோடிப் படம். அப்படி ஒன்று இருந்தது என்றே சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

கண்காட்சி வரலாற்றில் ஒரு சிக்கல். 1924 கென்ட் விழாவில் இந்தப் படமும் இருந்தது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் சங்கத்திலும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், பேத்தியின் கடிதங்கள் எல்லாம் புரட்டினேன். இந்தப் படத்தைக் குறிப்பிடும் ஒரு வரி கூட அகப்படவில்லை. கென்ட் என்று போட்டால் படத்துக்கு மதிப்பு கூடும், அதனாலேயே இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்காட்சிப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ‘குடும்பத்தார் சொல்வது’ என்று அடிக்குறிப்பில் மட்டும் போட்டேன். சிலருக்கு வருத்தம்தான்.

கடைசியில் எழுதும் முறை. அமெரிக்க மியூசியங்கள் உரிமை வரலாற்றை எழுதும்போது நிறுத்தக்குறிகளுக்கே அர்த்தம் வைத்திருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் படம் நேராகப் போயிருந்தால் நடுவில் அரைப்புள்ளி. இடையில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் முற்றுப்புள்ளி. பெண், மகள், பேத்தி வரைக்கும் அரைப்புள்ளி போட முடிந்தது. பேத்தி இறந்த பிறகு வீட்டுப் பொருள்கள் ஏலம் போயிருக்கின்றன, யார் எடுத்தார் என்பதற்குச் சீட்டு இல்லை. அங்கே ஒரு முற்றுப்புள்ளி. அதற்கப்புறம் கிழிந்த லேபிளுக்குரிய பழம்பொருள் வியாபாரி; அவரிடம் வாங்கி எங்களுக்குக் கொடுத்தவர்; சங்கம்.

மியூசியத்திலிருந்து பதில் வந்தது. முற்றுப்புள்ளியைப் பற்றி எந்த ஆட்சேபமும் இல்லை, ஃப்ரிக் நெகட்டிவின் எண்ணை மட்டும் கேட்டார்கள். சுவர்க் குறிப்பில் இனி ‘பெண், கறுப்பு உடை’ என்று இருக்காது, அவர் பெயரே இருக்கும். இப்போது கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பழைய ஏல அட்டவணைகளில் பெயர் தெரியாத, கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண் யார் வந்தாலும், அந்த நாற்காலியின் கைப்பிடியை நெகட்டிவோடு வைத்துப் பார்க்கிறேன்.